நூறு சதவீதம் இலவசச் சாப்பாடு என்றால் நூறு சதவீதம் ஏழையா?

கணக்குப்பிள்ளை:
அமெரிக்காவில் வீடு வாங்கப் போகிறவர் பக்கத்துப் பள்ளி எப்படி என்று கேட்டதற்கு நெட்டைக்கொக்கு நேற்றுச் சொன்ன புத்திமதியைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "அந்த எலிமென்டரி ஸ்கூல் பக்கம் போகாதீர்கள். நூறு சதவீதம் இலவசச் சாப்பாடு, எல்லாம் ஏழைப் பிள்ளைகள், அதனால்தான் ரேட்டிங் பத்துக்கு மூன்று" என்கிறார். ஐயா, அந்த நூறு எங்கிருந்து வந்தது தெரியுமா? பழைய முறையில் பெற்றோர் விண்ணப்பம் எழுத வேண்டும். வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் வருமானம் என்றால் இலவசம், 185 வரை சலுகை விலை. 2010-இல் வந்த சட்டம் இன்னொரு வழி திறந்தது. ஃபுட் ஸ்டாம்ப் (ஏழைகளுக்கு அரசு தரும் உணவு உதவி) போன்றவற்றை வாங்கும் குடும்பத்துப் பிள்ளைகள் குறிப்பிட்ட பங்கு இருந்தால், விண்ணப்பமே இல்லாமல் பள்ளி மொத்தத்துக்கும் இலவசமாகப் போடலாம். அந்தப் பங்கு முன்பு 40 சதவீதம். 2023-லிருந்து 25. நாலில் ஒரு பிள்ளை! மற்ற மூன்று பிள்ளைகளின் அப்பா டாக்டராகக்கூட இருக்கலாம்.

நெட்டைக்கொக்கு:
வந்துவிட்டார் வாத்தியார். பள்ளி விவர அட்டவணையில் 100 என்று போட்டிருக்கிறது, எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். குடும்பப் பின்னணிக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பை 1966-இலேயே கோல்மன் அறிக்கை என்ற பெரிய கல்வி ஆய்வு சொல்லிவிட்டது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பார்த்துச் சொன்னது. நீங்கள் பார்த்தது எத்தனை பேரை?

கணக்குப்பிள்ளை:
கோல்மன் பார்த்தது குடும்பத்தை. நீங்கள் பார்ப்பது சாப்பாட்டுத் தட்டை. 2022-23 கல்வியாண்டிலிருந்து கலிஃபோர்னியா அரசுப் பள்ளிகளில் கேட்கிற பிள்ளைக்கெல்லாம் இலவசச் சாப்பாடுதான். பணக்கார ஊரான பாலோ ஆல்டோவிலும்தான். அங்கே போய் "எல்லாம் ஏழைகள்" என்று சொல்லிப் பாருங்கள்.

சும்மா வந்தவன்:
பாலோ ஆல்டோவில் ஒரு வீடு வாங்கினால் நானும் ஏழையாகிவிடுவேன், அண்ணே.

நெட்டைக்கொக்கு:
சிரிப்பு அப்புறம். கணக்குப்பிள்ளை பாதிக் கணக்கை விழுங்கிவிட்டார். அந்த 25-ஐ அரசு அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, 1.6-ஆல் பெருக்கித்தான் பணம் தருகிறது. ஏன்? பதிவேட்டில் தெரிகிற ஏழை குறைவு, தெரியாத ஏழை அதிகம் என்று அரசுக்கே தெரியும்.

கணக்குப்பிள்ளை:
பெருக்குங்கள். 25 பெருக்கல் 1.6 எவ்வளவு? நாற்பது. நூறு இல்லை. நாற்பது!

நெட்டைக்கொக்கு:
25 என்பது குறைந்தபட்சம். அந்தப் பள்ளியில் 25 தான் என்று யார் சொன்னது? 60 ஆக இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
நூறாக இருக்கிறது என்று யார் சொன்னது? நீங்கள்தான்.

இரட்டைவால்:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். என் மகன் படிப்பது இப்படிப்பட்ட பள்ளியில்தான். சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி என்று கேட்டார்கள், பெருமையாகத் தமிழ் என்று எழுதினேன். உடனே ஆங்கிலப் பரீட்சை. அவனுக்கு ஐந்து வயது. முன்பின் தெரியாத ஒரு டீச்சர் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்க, அவன் என் துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு நின்றான். படத்தில் இருந்தது குடை. வீட்டுக்கு வரும் வழியில் காரில் அம்ப்ரெல்லா, அம்ப்ரெல்லா என்று பாடிக்கொண்டு வருகிறான்! இரண்டு வருஷம் 'ஆங்கிலம் கற்கும் மாணவர்' என்ற பட்டியலில் இருந்தான். அப்புறம் எடுத்தார்கள். அந்தப் பட்டியல் பிள்ளைகளின் மதிப்பெண்ணை வைத்து எங்கள் பள்ளியை எடை போடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொல்வதைக் கேளுங்கள். அந்தப் பட்டியல் ஓட்டைக் குடம். ஆங்கிலம் வந்த பிள்ளை வெளியே போய்விடும், வராத பிள்ளையும் புதிதாக வந்த பிள்ளையும்தான் மிச்சம். பட்டியலின் மதிப்பெண் சராசரி எப்படி ஏறும்?

நெட்டைக்கொக்கு:
தவறு. வெளியே போன பிள்ளையையும் நாலு வருஷம் வரை அதே பிரிவில் எண்ணலாம் என்று 2015-இல் வந்த கூட்டரசுக் கல்விச் சட்டம் சொல்கிறது.

கணக்குப்பிள்ளை:
"எண்ணலாம்." எண்ண வேண்டும் என்று இல்லை. தமிழில் இரண்டும் வேறு.

நெட்டைக்கொக்கு:
எனக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டாம். போன வருஷம் "வட்டி குறையும், பொறுங்கள்" என்று இதே வாயால்தானே சொன்னீர்கள்? பொறுத்தேன். வீட்டு விலை ஏறியது.

கணக்குப்பிள்ளை:
"குறையலாம்" என்றேன். மறுபடியும் அதே சிக்கல் உங்களுக்கு.

இரட்டைவால்:
வட்டிக்கும் என் பையனுக்கும் என்ன சம்பந்தம்?

கணக்குப்பிள்ளை:
விஷயத்துக்கு வருகிறேன். கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆறு வகுப்பு. கூட்டரசுச் சட்டம் கேட்கிற வாசிப்பு, கணிதத் தேர்வுகள் மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பம். ஆறில் மூன்று வகுப்பின் மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிக்கே ஜாதகம் கணிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்கு வரும்போது பிள்ளை எங்கே இருந்தது, அதற்குப் பிறகு எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேண்டாமா? ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் சீன் ரியர்டன் பார்த்தார். சிகாகோ பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், ஐந்து வருஷத்தில் ஆறு வருஷப் படிப்பு அளவுக்கு முன்னேறியிருந்தார்கள். 2017-இல் வெளியிட்டார். சராசரியை மட்டும் பார்த்திருந்தால் சிகாகோவுக்கும் நீங்கள் மூன்றுதான் போட்டிருப்பீர்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு நூறு, நூறு என்று ஒரே பாட்டு.

நெட்டைக்கொக்கு:
ஒரே பாட்டைப் பாடுவது நீங்கள். உங்கள் பெண் எந்தப் பள்ளி? தனியார் என்று போன தீபாவளிக்கு நீங்களே எழுதியிருந்தீர்கள். ஊருக்கு உபதேசம்.

கணக்குப்பிள்ளை:
அது என் மனைவியின் முடிவு. 25-க்கும் அதற்கும் தொடர்பில்லை.

சும்மா வந்தவன்:
இந்த வரியை அண்ணி படித்தார்களா?

வீடு தேடுபவன்:
சார், இதற்கெல்லாம் காரணமான கேள்வியைக் கேட்டவன் நான்தான். அந்த வீட்டை இன்று காலை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

நெட்டைக்கொக்கு:
தப்பித்தீர்கள்.

கணக்குப்பிள்ளை:
எதிலிருந்து? நாலில் ஒரு பிள்ளையிடமிருந்தா?

நெட்டைக்கொக்கு:
அட்டவணையில் 100 என்று போட்டிருக்கிறது.