தமிழ்99 விசைப்பலகையில் கண்ட்ரோல் குறுக்குவிசைகள் செயல்படவில்லை: பிழை எங்கே?

கேள்வி:

வணக்கம். பெங்களூரு கோரமங்களாவில் உள்ள ஒரு நிறுவனத்தில், மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்தும் உரைத் திருத்தியை (எடிட்டர்) பராமரித்து வருகிறேன். அது உலாவியில் இயங்குவது. விசை அழுத்தங்களைக் கண்டறிய அதில் இருந்த, விசையை ஓர் எண்ணாகத் தரும் பழைய 'கீகோட்' (keyCode) பண்பு கைவிடப்பட்டது என்று ஆவணங்கள் கூறுவதால், சென்ற மாதம் அதை நீக்கிவிட்டு, விசை தரும் எழுத்தையே சொல்லும் 'கீ' (key) பண்பைப் பயன்படுத்தினேன். அன்று முதல் தமிழில் தட்டச்சு செய்யும்போது கண்ட்ரோல்+எஸ் (S), கண்ட்ரோல்+பி (B) ஆகியவை இயங்குவதில்லை. பதிவேட்டில் பார்த்தால் 'எஸ்' இருக்க வேண்டிய இடத்தில் 'இ' என்றும், 'பி' இருக்க வேண்டிய இடத்தில் 'ங' என்றும் வருகின்றன. கண்ட்ரோல்+எஃப் அழுத்தினால் வெறும் புள்ளி மட்டும் வந்து நிற்கிறது. ஆனால் பக்கத்து மேசையில் அதே உபுண்டு இயங்குதளத்தில் அதே தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவருக்கு எல்லாம் சரியாக இயங்குகின்றன. இது எப்படி?

மறுமொழி 1:

இருவரும் தமிழ்99 பயன்படுத்தினாலும் அது வரும் வழி வேறு. நீங்கள் எக்ஸ்கேபி (XKB) தளக்கோலத்தை, அதாவது எந்த விசைக்கு எந்த எழுத்து என்று இயங்குதளத்துக்கே சொல்லும் அமைப்பை, நிறுவியிருப்பீர்கள். அதில் விசையின் பொருளே தமிழெழுத்தாக மாறிவிடுவதால், கண்ட்ரோலுடன் சேர்த்து அழுத்தினாலும் 'கீ' பண்பில் தமிழெழுத்துதான் கிடைக்கும். அவர் ஐபஸ் (IBus) என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக எம்17என் (m17n) உள்ளீட்டு முறையைப் பயன்படுத்தக்கூடும்; அது ஆங்கில விசை அழுத்தங்களை வாங்கித் தமிழெழுத்தாக மாற்றித் தருவது. அங்கே அடியில் இருப்பது ஆங்கிலத் தளக்கோலம். கண்ட்ரோல் சேர்ந்த அழுத்தங்களை உள்ளீட்டு முறை தொடாமல் அப்படியே விட்டுவிடுகிறது.

பழைய நிரல் இயங்கியதற்கும் காரணம் உண்டு. லத்தீன் அல்லாத எழுத்து வரும்போது அதே விசைக்குரிய ஆங்கில எழுத்தின் எண்ணைத் தர உலாவிகள் முயல்கின்றன. கைவிடப்பட்ட பண்பு உங்களுக்காகச் சத்தமின்றிச் செய்துவந்த வேலையை இப்போது நீங்களே செய்ய வேண்டும்.

விசையின் இருப்பிடத்தைச் சொல்லும் 'கோட்' (code) பண்பைப் பயன்படுத்துங்கள். எந்தத் தளக்கோலம் இருந்தாலும், வழக்கமான ஆங்கில விசைப்பலகையில் 'எஸ்' அச்சிட்ட விசை அதில் 'கீஎஸ்' (KeyS) என்றே வரும். நம் கடைகளில் விற்கும் விசைப்பலகைகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளே அச்சிடப்பட்டிருப்பதால், பயனர் மனத்தில் இருப்பதும் அந்த எழுத்துதான். இந்திய மொழிகளுக்கான இன்ஸ்கிரிப்ட் விசைமுறையில் தட்டச்சு செய்யும் கன்னட நண்பர்களுக்கும் இதே திருத்தம் போதும்.

மறுமொழி 2:

மேலே கூறிய விளக்கம் சரி. ஆனால் 'கோட்' பண்பை மட்டுமே நம்புவதை நான் ஏற்கவில்லை. பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகையில் 'இசட்' இருப்பது நம் 'டபிள்யூ' இருக்கும் இடத்தில். அங்கே ஒருவர் செய்ததை மீட்க கண்ட்ரோல்+இசட் அழுத்தினால், உங்கள் நிரல் அதைக் கண்ட்ரோல்+டபிள்யூ என்று புரிந்துகொள்ளும். முதலில் 'கீ' பண்பைப் பாருங்கள். அதில் ஆங்கில எழுத்து இருந்தால் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லாதபோது மட்டும் 'கோட்' பண்புக்குச் செல்லுங்கள். கண்ட்ரோல் இல்லாமல் ஒற்றை விசையால் இயங்கும் ஜே, கே போன்ற குறுக்குவிசைகள் இருந்தால், எழுதும் பெட்டியில் இடஞ்சுட்டி (கர்சர்) இருக்கும்போதும், உள்ளீட்டு முறை எழுத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதும் அவற்றை நிறுத்திவையுங்கள். 'பயணம்' என்று எழுதத் தொடங்குபவரை, 'ப' இருக்கும் அந்த 'ஜே' விசை அடுத்த வரிக்குத் தள்ளிவிடக் கூடாது.

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. பக்கத்து மேசையில் ஐபஸ்தான் என்பதை உறுதி செய்துகொண்டேன். இரண்டாம் மறுமொழியில் உள்ளபடி மாற்றியதும் எஸ், பி, எஃப் மூன்றும் இயங்கின. கண்ட்ரோலுடன் இடப்பக்க அடைப்புக்குறி மட்டும் இயங்கவில்லை. தமிழ்99இல் அந்த விசை 'ச'. நான் இருபத்தாறு எழுத்துகளுக்கு மட்டுமே பட்டியல் எழுதியிருந்தேன். குறியீட்டு விசைகளை மறந்துவிட்டேன். இப்போது 'கீ' பண்பில் வருவது ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்துகள், எண்கள், குறியீடுகள் அடங்கிய அடிப்படைத் தொகுப்பு) அப்பாற்பட்டதா என்று மட்டும் சோதிக்கிறேன். அதுவும் இயங்குகிறது.