பாகல், பீர்க்கன் பிஞ்சு உதிர்கிறது: பழ ஈயா, பூ சேராததா?

கீரைப்பாத்தி (திருச்சி):

வணக்கம் நண்பர்களே. மாடியில் 4 பாகல், 3 பீர்க்கன், 2 புடலை இருக்கின்றன. எல்லாம் 18க்கு 18 அங்குல குரோ பேக். செம்மண், மக்கிய தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. ஆடிப்பட்டத்தில் விதைத்தவை. பந்தல் 6 அடி உயரம், கொடி நன்றாகப் படர்ந்திருக்கிறது, இலையில் குறை ஒன்றும் இல்லை.

சிக்கல் காயில்தான். பீர்க்கன் பிஞ்சு விரல் நீளம்கூட வராமல் மஞ்சளாகி உதிர்கிறது. பாகற்காய் பாதி வளர்ந்தபின் ஒரு பக்கம் கோணி, பழுத்தது போல ஆகி விழுகிறது. பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, வாரம் ஒரு முறை அடிக்கிறேன். மாமரத்துக்கு விற்கும் பழ ஈப் பொறி ஒன்று தொங்குகிறது. அதில் ஈ விழுகிறது, ஆனாலும் காய் தப்பவில்லை. விழுந்த காயையெல்லாம் கம்போஸ்ட் தொட்டியில் போடுகிறேன். மருந்துக் கடையில் ரசாயன மருந்து ஒன்று அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பந்தல்காரன் (திண்டுக்கல்):

இது ஒரு நோய் இல்லை நண்பரே, இரண்டு. இரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்கப் பார்த்தால் எதுவும் தீராது.

முதலில் பீர்க்கன். உதிர்ந்த பிஞ்சு பத்தை எடுத்து நீளவாக்கில் பிளேடால் கீறுங்கள். உள்ளே புழு இல்லாமல் வெண்மையாகச் சுருங்கியிருந்து, மஞ்சள் நிறம் பூ இருந்த நுனியிலிருந்து காம்பை நோக்கி ஏறியிருந்தால் அது மகரந்தம் சேராத பிஞ்சு. பூ விரிந்த மூன்று நான்கு நாளில் விழும். இதற்கு எந்த மருந்தும் வேண்டாம்.

ஈ முட்டையிடக் குத்திய பிஞ்சில் தோல்மேல் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி தெரியும். புதிதாகக் குத்திய இடத்தில் பிசின் போல ஒரு சொட்டு நீர் கசிந்து நிற்கும். இரண்டு நாளில் அந்த இடம் பழுப்பாகிக் குழி விழும். ஒரு பக்கம் வளர்ச்சி நின்று மறுபக்கம் வளர்வதால்தான் காய் கோணுகிறது. புழுவை வெள்ளைத் தட்டில் போட்டுப் பாருங்கள். முற்றிய புழு உடலை வளைத்துத் துள்ளும். துள்ளினால் பழ ஈதான், சந்தேகமே வேண்டாம்.

ரசாயன மருந்து வேண்டவே வேண்டாம். முட்டையும் புழுவும் காய்க்குள் இருக்கின்றன, தோல்மேல் அடிக்கும் மருந்து அங்கே போகாது. பூவுக்கு வரும் தேனீ சாகும், பீர்க்கன் பிஞ்சு இன்னும் அதிகமாக உதிரும். இரண்டு நாளுக்கு ஒரு முறை காய் பறித்துச் சமைக்கிற கொடி இது. மருந்து அடித்தபின் காத்திருக்க வேண்டிய நாட்களுக்கு இங்கே இடமே இல்லை.

வேப்பமுத்து (ஈரோடு):

பொறியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். மாமரத்துப் பொறியில் இருப்பது மெத்தில் யூஜினால் என்ற கவர்ச்சிப் பொருள் (லூர்). மா, கொய்யாவைத் தாக்கும் ஈக்கள் அதற்கு வரும். பாகல், பீர்க்கன், பூசணியைத் தாக்கும் ஈ வேறு இனம், அதற்கு க்யூலூர் என்ற கவர்ச்சிப் பொருள் வேண்டும். கடையில் "பந்தல் காய்கறிக்கான லூர்" என்று கேளுங்கள், வில்லையின் உறையில் க்யூலூர் என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். உங்கள் பொறியில் விழுந்த ஈக்களின் இறகைப் பாருங்கள். பந்தல் ஈக்கு இறகின் நுனியில் பழுப்புத் திட்டு நன்றாகத் தெரியும், உடல் செம்பழுப்பு, முதுகில் மஞ்சள் கோடுகள். மா ஈயின் இறகு பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

சரியான லூர் வைத்தாலும் விழுவது ஆண் ஈ மட்டும். பக்கத்து வீட்டிலிருந்து ஏற்கெனவே இணை சேர்ந்து வரும் பெண் ஈயைப் பொறி தடுக்காது. பொறியை ஈ வந்துவிட்டதா என்று பார்க்கும் கருவியாக வைத்துக்கொள்ளுங்கள், காயைக் காப்பாற்ற அதை நம்பாதீர்கள்.

வேப்பெண்ணெயைத் தண்ணீரில் அப்படியே ஊற்றினால் மேலே மிதக்கும். ஒரு இலை எண்ணெயில் குளிக்கும், அடுத்த இலைக்கு வெறும் தண்ணீர். 5 மில்லி எண்ணெயில் 2 மில்லி சோப்புக் கரைசலை முதலில் விட்டுக் குழைத்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். பால் போல வெளுத்தால்தான் சரி. இதைவிட நல்லது வேப்பங்கொட்டைக் கரைசல்: 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, சிறிது சோப்பு சேர்த்து அன்றே அடித்துவிட வேண்டும். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும் என்பதால் மாலையில் அடியுங்கள், பிஞ்சின்மேல் படட்டும், விரிந்த பூவின்மேல் படக் கூடாது. ஈ முட்டையிடத் தயங்கும், அவ்வளவுதான். உள்ளே போன புழுவை இதுவும் கொல்லாது.

கீரைப்பாத்தி:

நன்றி. பீர்க்கன் பிஞ்சு எட்டைக் கீறினேன், ஒன்றிலும் புழு இல்லை. பாகல் புழு துள்ளுகிறது. அப்படியானால் பாகலுக்கு என்னதான் செய்வது? பிளாஸ்டிக் கவர் போட்டுப் பார்த்தேன், இரண்டு காய் உள்ளேயே அழுகிவிட்டது.

மண்வாசம் (தஞ்சாவூர்):

தம்பி, முதல் வேலையாக அந்தக் கம்போஸ்ட் தொட்டியைக் காலி செய்யுங்கள். ஈயை நீங்களே வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். காய்க்குள் புழு வளர்வது நான்கிலிருந்து எட்டு நாள். காய் விழுந்ததும் புழு வெளியே வந்து மண்ணில் ஓரிரண்டு அங்குல ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. அடுத்த எட்டுப் பத்து நாளில் புது ஈ. வீட்டுத் தொட்டியில் புழுவைக் கொல்லும் சூடு ஏறாது, அதற்கு அது மெத்தை போட்ட மாதிரி.

விழுந்த காய், கொடியிலேயே மஞ்சளாகிக் கோணிய காய் எல்லாவற்றையும் தினமும் காலையில் எடுத்து, ஓட்டையில்லாத தடித்த பாலித்தீன் பையில் போட்டு வாயைக் கட்டி, வெயிலில் ஒரு வாரம் வையுங்கள். இரண்டு நாள் விட்டுப் பொறுக்கினால் பயனில்லை, புழு அதற்குள் இறங்கிவிடும். பையில் வெந்து கூழானபின் கம்போஸ்டில் போடலாம்.

மாடி என்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. தரை சிமெண்ட், புழு புதைய இடம் குறைவு. குரோ பேக்கின் மேல்மண்ணும், பைகளுக்கு அடியிலும் கைப்பிடிச் சுவர் ஓரத்திலும் சேர்ந்த தூசியும்தான் அதற்குக் கதி. அந்தத் தூசியைக் கூட்டி முறத்தில் புடைத்துப் பாருங்கள். கோதுமை போன்ற, இருபக்கமும் மழுங்கிய பழுப்பு மணிகள் கிடைத்தால் அவைதான் கூட்டுப்புழு. நசுக்கிவிடுங்கள். மேல்மண்ணை வாரம் ஒரு முறை கைக்கொத்தால் லேசாகக் கீறிவிட்டால் போதும், ஆழமாகக் கொத்தினால் பாகல் வேர் அறுந்துவிடும். மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு, வைக்கோல்) கனமாகப் போட்டிருந்தால் இந்தப் பருவம் முடியும்வரை விலக்கி வையுங்கள்.

அடுத்தது உறை. பிளாஸ்டிக்கில் காய் வியர்த்து அழுகத்தான் செய்யும். பழைய வெள்ளை வேட்டித் துணி அல்லது கொசுவலைத் துணியில் பாகலுக்கு 5 அங்குல அகலம், 12 அங்குல நீளத்தில் பை தையுங்கள். பீர்க்கனுக்கு 20 அங்குலம் வேண்டும். பூ வாடிய மறுநாளே, காய் இரண்டு அங்குலம் இருக்கும்போதே மாட்டிவிட வேண்டும். தோல் மென்மையாக இருக்கும்போதுதான் ஈக்குக் குத்த எளிது. மாட்டும் முன் ஒவ்வொரு பிஞ்சையும் திருப்பிப் பாருங்கள், குத்தல் புள்ளி இருந்தால் பறித்துவிடுங்கள். குத்திய காய்க்கு உறை போட்டால் புழுவுக்குப் பாதுகாப்பு கொடுத்ததாகும். வாயைக் காம்பில் பருத்தி நூலால் இடைவெளி இல்லாமல், ஆனால் இறுக்காமல் கட்டுங்கள். வலையாக இருந்தால் பையை அகலமாகத் தையுங்கள், காயில் ஒட்டிக் கிடந்தால் ஈ வலை வழியாகவே குத்திவிடும். செய்தித்தாள் கூம்பும் நல்லதுதான், ஆனால் ஐப்பசி மழையில் நிற்காது.

எல்லாக் காய்க்கும் உறை போட முடியாதுதான். ஒரு கொடியில் பத்துக் காய்க்குப் போட்டால் பத்தும் அடுப்படிக்கு வரும்.

பந்தல்காரன்:

பீர்க்கனுக்கு நேரம்தான் முக்கியம். அதன் பூ மாலை 5 மணிக்குமேல் விரியும். மாடியில் அந்த நேரம் தேனீ வரத்து குறைவு, அந்துப்பூச்சியும் எப்போதும் வராது. விளக்கு வைக்கும் நேரத்தில் மாடிக்குப் போய், அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும் பகுதியைப் பெண்பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் மூன்று மடலிலும் படும்படி மெல்லத் தடவுங்கள். பெண்பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண்பூ கொத்தாக வெறும் காம்பில் இருக்கும். புடலையும் மாலையில், இருட்டும்போது விரிவதே. பாகல் மட்டும் விடியற்காலையில் விரியும், அதைக் காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

தடவிய பூக்காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டி வையுங்கள். ஐந்தாம் நாள் நூல் கட்டிய பிஞ்சு பச்சையாக நீண்டு, கட்டாதது மஞ்சளானால் காரணம் தெளிவாகிவிடும். நூல் கட்டியதும் மஞ்சளானால் கொடியில் எத்தனை காய் தொங்குகிறது, மண் எவ்வளவு காய்கிறது என்று எழுதுங்கள், அடுத்து அதைப் பார்ப்போம்.