பராமரிப்பு அனுபவம் இல்லாமல் தாதியர் படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். எனக்கு 39 வயது. இலண்டன் ஹரோவில் வசிக்கிறேன், பதினொரு ஆண்டுகளாக ஒரு பலசரக்குக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். வயதுவந்தோருக்கான தாதியர் பட்டப்படிப்பில் சேர்வதற்காக அக்சஸ் டிப்ளோமா படித்து வருகிறேன். இங்குள்ள பள்ளித் தேர்வான ஜிசிஎஸ்இயில் கணிதமும் ஆங்கிலமும் இருக்கின்றன. சம்பளத்துக்குச் செய்த பராமரிப்பு வேலை மட்டும் இல்லை.

கடந்த ஆண்டு ஒரு பல்கலைக்கழகம் அதையே காரணமாகக் காட்டி மறுத்தது. பின்னர் மூன்று முதியோர் இல்லங்களைக் கேட்டபோது மூன்றுமே இரவு வேலைக்குத்தான் ஆள் தேடின. சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு அது எனக்கு இயலாது. மருத்துவமனைத் தன்னார்வலர் பட்டியலில் ஐந்து மாதங்களாகக் காத்திருக்கிறேன்.

ஆனால், பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்பட்ட அப்பாவை இரண்டு ஆண்டுகள் வீட்டில் நானே பார்த்தேன். புரையேறாதிருக்கத் தேநீரில் தடிப்பாக்கும் மாவை அளந்து கலப்பதும், கரண்டி கரண்டியாகக் கொடுத்துவிட்டு அவருடைய தொண்டை அசைகிறதா என்று பார்த்திருப்பதும் என் அன்றாட வேலையாக இருந்தன. இதற்குச் சான்றிதழ் யார் தருவார்கள்?

பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பெறும் யூகாஸ் அமைப்புக்கு எழுதும் தன்விளக்கத்தில் இப்போது மூன்று கேள்விகள் உள்ளன. இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள். படிப்புக்கு வெளியே என்ன ஆயத்தம் செய்தீர்கள் என்ற மூன்றாவது கேள்விக்கு, அப்பாவைப் பராமரித்ததை மட்டுமே எழுதி இடம் பெற்றவர்கள் இங்கே இருந்தால், அதை எப்படி எழுதினீர்கள்?