விண்டர்மியர் ஏரியில் எஞ்சின் சத்தமும் நாங்களும்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கம் கயாக் என்கிற சிறு துடுப்புப் படகு ஓட்டும் தமிழர்கள் சிலராவது இங்கே இருப்பீர்கள். மோட்டார் படகுக்காரர்களோடு உங்களுக்கு எப்படிப் போகிறது? முதலில் என் கதை.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டர்மியர் சுமார் 17 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரி. இங்கிலாந்தின் இயற்கை ஏரிகளில் இதுதான் பெரியது. ஒரு காலத்தில் வாட்டர் ஸ்கீயிங்குக்கு, அதாவது வேகப் படகின் பின்னால் கயிற்றைப் பிடித்துத் தண்ணீரில் சறுக்குவதற்கு, பேர்போன இடம். 2005 மார்ச் 29 முதல் ஏரி முழுக்க உச்ச வேகம் 10 நாட், அதாவது மணிக்குப் பதினெட்டரை கிலோமீட்டர். கரையோர ஊரான போனஸ் (Bowness) மாதிரி நெரிசலான இடங்களில் 6 நாட்தான்.

போன கோடையில் மேற்குக் கரையோரமாக, ரே கோட்டைக்குக் கீழே துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு மோட்டார் படகின் பெரிய அவுட்போர்டு எஞ்சின் உறுமியது. திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவர் மரியாதையாக வேகத்தைக் குறைத்தார். ஆனால் அடுத்து வந்த அலை என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. மனிதர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து, "நான்தான் மெதுவாக்கிவிட்டேனே!" என்றார். அவர் சொன்னது உண்மைதான். சிக்கல் படகின் அடிப்பாகத்தில் இருந்தது. வேகத்தில் நீரின் மேலேறிச் சறுக்குவதற்காகச் செய்த படகை 8, 10 நாட்டில் ஓட்டினால், பின்பாரம் ஏறிய மாட்டுவண்டி போல மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை உழுதுகொண்டே வரும். அந்த நிலையில்தான் அதன் அலை மிகப் பெரிது. பாதி மெதுவாக்குவதைவிட 4, 5 நாட்டுக்கு இறக்குவது நல்லது, இல்லையென்றால் தள்ளிப் போய்விடலாம். இதைச் சொன்னதும் உடனே கேட்டுக்கொண்டார்.

சத்தத்துக்கென்று தனி விதியும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி 10 கிலோவாட் வரையுள்ள எஞ்சினுக்கு 67 டெசிபல், 40 வரை 72, அதற்கு மேல் 75. இரட்டை எஞ்சின் என்றால் 3 டெசிபல் சலுகை. பிரிட்டனும் இதையே வைத்திருக்கிறது. ஆனால் இது படகு விற்பனைக்கு வருமுன் 25 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிற அளவு. பழைய படகுகளுக்கு இது பொருந்தாது. படகில் அலறுகிற ஸ்பீக்கரும் இந்தக் கணக்கில் வராது. என்னைக் கேட்டால், இந்த ஏரியை அமைதியாக்கியது டெசிபல் விதி இல்லை, வேக வரம்புதான். வேகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஓடுகிற படகுக்குப் பக்கத்தில் மைக்கை யார் பிடித்துக்கொண்டு நிற்பது?

மாலையில் ஏன் இவ்வளவு கேட்கிறது என்று கேட்பவர்களுக்கு: தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்தும், மேலே உள்ளது வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, மேலே போகவேண்டிய சத்தம் வளைந்து கீழே திரும்புகிறது. எதிர்க்கரையில் பேசுவதுகூடக் காதில் விழும்.

மறுமொழி:

அண்ணா, நான் மோட்டார் படகுப் பக்கத்து ஆள். நண்பர்களோடு சேர்ந்து பழைய மோட்டார் படகு ஒன்று வைத்திருக்கிறோம். எங்களுக்குப் பக்கத்து மிதவையில் தன் படகைக் கட்டி வைக்கும் பெரியவர் ஒருவர் இந்த ஏரியில்தான் ஸ்கீயிங் கற்றவர். வேக வரம்பு வந்ததும் தன் ஸ்கீ படகை விற்றுவிட்டார். "சத்தம் போட்டவர்கள் சிலர், போனது எல்லோருக்கும்" என்று இன்றும் புலம்புவார். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதே லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள அல்ஸ்வாட்டர் ஏரியில் 1983-லேயே மணிக்கு 10 மைல் வரம்பு வந்ததும் பலர் இங்கேதான் வந்தார்கள். இங்கேயும் மூடினால் எங்கே போவது?

கயாக்காரர்களிடம் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்தி நேரத்தில் விளக்கில்லாமல், கறுப்புச் சட்டையோடு, படகுத் தடத்தின் நடுவில் நிற்கிறீர்கள். ஒருமுறை எதிரே வந்த ஒருவருக்காக ஒரு குறுகிய ஹார்ன் அடித்தேன். கடல் விதிப்படி அதற்கு "நான் வலப்பக்கம் திரும்புகிறேன்" என்று பொருள். அவரோ, நான் விரட்டுகிறேன் என்று நினைத்துத் துடுப்பைத் தூக்கிக் காட்டினார்! கரைக்கு வந்து விளக்கிச் சொன்னேன், சிரித்துவிட்டார்.

அப்புறம், வாடகைக்கு விடும் மின்சாரப் படகு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். அதில் போய்ப் பாருங்கள். நீங்கள் வருவது முன்னால் இருப்பவருக்குக் கேட்கவே கேட்காது. நான் வாயால் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

மறுமொழி:

கோனிஸ்டன் ஏரியைப் பற்றியும் சொல்கிறேன். அங்கேயும் மணிக்கு 10 மைல்தான். ஆனால் நவம்பரில் வேகச் சாதனை வாரம் நடக்கும்போது மட்டும் வரம்பைத் தளர்த்துவார்கள். 1967 ஜனவரி 4 அன்று வேகச் சாதனையாளர் டொனால்டு கேம்பெல் தன் புளூபேர்டு ஜெட் படகில் மணிக்கு 300 மைல் வேகத்தைத் தாண்டிச் சென்று உயிரிழந்தது இந்தத் தண்ணீரில்தான். சத்தம் பிடிக்காத நான், ஒரு நவம்பரில் கரையில் குளிரில் நின்று காது கிழியக் கேட்டுக்கொண்டிருந்தேன். வருடத்தில் சில நாள், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்கிறார்கள். அது எனக்குத் தொந்தரவாகத் தோன்றவில்லை. ஜெட் ஸ்கீயைத்தான் தாங்க முடியாது. அலையில் துள்ளித் தண்ணீரைவிட்டு மேலே வரும்போதெல்லாம் எஞ்சின் சுருதி ஏறும், விழுந்தால் இறங்கும். ஒரே சீராக ஓடுகிற டீசல் எஞ்சினைக் காது மறந்துவிடும். இதை மறக்கவே விடாது.

முதலில் எழுதியவர்:

ஹார்ன் விஷயம் எனக்குத் தெரியாது, தம்பி. எங்கள் குழுவில் சொல்லி வைக்கிறேன். ஐந்து முறை அடித்தால்?

மறுமொழி:

"நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை" என்று பொருள், அண்ணா. அதிலும் கோபம் கிடையாது. பெரும்பாலும்.