மொட்டைமாடித் தொலைநோக்கி: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஓர் இரவைச் சொல்லுங்கள் (வேலூர், வட ஆற்காட்டுக்காரர்கள்)

காட்பாடி மொட்டைமாடி

அத்தை விஷயத்தை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2018 ஜூன். ஆறு அங்குல டாப்சோனியன் (கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி), 1200 மி.மீ. குவியத் தூரம், 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைக்கும் வில்லை). சனியின் வளையம் அகல விரிந்திருந்த காலம் அது, நினைவிருக்கும். சனி தெற்கே நன்றாக ஏறியிருந்தது. அத்தைக்கு எழுபத்தொரு வயது, இரண்டு கண்ணிலும் புரை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்ததே பெரிய காரியம். ஸ்டூலில் உட்காரவைத்து, "நடுவில் பாருங்கள் அத்தை, வளையம் தெரியும்" என்றேன். குனிந்தார். "தெரிகிறது" என்றார்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பையன்கள் வந்துவிட்டார்கள், நான் பேச்சில் விழுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் இன்னும் குனிந்தபடியே இருக்கிறார். "இன்னும் தெரிகிறதா?" "தெரிகிறதப்பா, அழகாக இருக்கிறது." ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

இங்கே இருப்பவர்களுக்குக் கணக்கு தெரியும். 1200-ஐ 10-ஆல் வகுத்தால் 120 மடங்கு. அதில், மோட்டார் இல்லாத தாங்கியில், நடுவில் வைத்த கோள் பூமி சுழல்வதால் ஒரு நிமிடத்துக்குள் ஓரத்தைத் தாண்டிவிடும். அவர் எழுந்ததும் நான் கண் வைத்துப் பார்த்தேன். வெறும் கறுப்பு. ஒரு மங்கல் நட்சத்திரம்கூட இல்லை. எனக்காகத்தான் "தெரிகிறது" என்று சொன்னாரா? முதல் நிமிடமாவது பார்த்தாரா? கேட்கவும் வாய் வரவில்லை.

குடியாத்தம் தறி

நான் வாங்கியது எல்லோரும் முதலில் ஏமாறும் அந்த 60 மி.மீ. விட்டத் தொலைநோக்கிதான். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 525 மடங்கு என்று போட்டிருக்கும். 4 மி.மீ. ஐபீஸ், அதற்கு முன்னால் மடங்கை மூன்றாகப் பெருக்கும் பார்லோ வில்லை. போட்டுப் பார்த்தால் நிலாவே சாணி பூசிய சுவர் மாதிரி இருக்கும்.

2020 டிசம்பர் 21, வியாழனும் சனியும் ஒட்டிக்கொண்டு நின்ற மாலை. 20 மி.மீ. போட்டால் 35 மடங்குதான், ஆனால் இரண்டும் ஒரே வட்டத்தில் வர வேண்டும். வந்தன. ஆனால் முக்காலி நடுங்கிக்கொண்டே இருந்தது. மூச்சு விட்டால் நடுக்கம், குமிழைத் தொட்டால் நடுக்கம். அப்பா பின்னால் நின்று, "கீழே பாரம் கட்டு" என்றார். "உங்களுக்கு என்னப்பா தெரியும் இதைப் பற்றி" என்று சொல்லிவிட்டேன். சொன்னதுதான்.

அவர் ஒன்றும் பேசவில்லை. தறிக்குழி ஓரத்தில் கிடந்த கல்லைப் பழைய லுங்கித் துண்டில் முடிந்து கொண்டுவந்து, முக்காலியின் நடுவில், மூன்று கால்களும் சேரும் இடத்தில் தொங்கவிட்டார். கல் இரண்டு முறை ஊசலாடி நின்றது. நடுக்கமும் நின்றது. வியாழனின் நிலவுகள் வரிசையாக, மேலே சனி ஒரு கோதுமை மணி அளவில். அப்பாவைப் பார்க்கச் சொல்வதற்குள் மலைப்பக்கம் மேகம் ஏறிவிட்டது.

நாற்பது வருடம் நூலை விறைப்பாக நிறுத்தியவரிடம் நான் சொன்ன வார்த்தையைப் பாருங்கள்.

ஆம்பூர் கண்ணாடி

காட்பாடி நண்பரே, உங்கள் கணக்கு சரி, முடிவுதான் தவறு. நடுவில் வைத்தால் ஒரு நிமிடம், சரி. கிழக்கு ஓரத்தில் வைத்திருந்தால் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். அத்தனை நேரம் ஒருவர் சனியைப் பார்த்துவிட்டு, அப்புறம் கறுப்பைப் பார்த்துக்கொண்டு அதை நினைத்துக்கொண்டிருக்கக் கூடாதா? பார்த்தது போன பிறகும் குனிந்திருப்பவர்கள் உண்டு. நான் அந்த ரகம்.

என் கதை தொலைநோக்கிக்கு நானே கண்ணாடி தேய்த்த கதை. ஆறு அங்குலம், 48 அங்குலக் குவியம். நடுவில் தோண்ட வேண்டிய பள்ளம் எவ்வளவு தெரியுமா, சுமார் 1.2 மி.மீ. இதற்கு 80-ஆம் எண் கார்போரண்டம் (தேய்க்கும் பொடி) தொடங்கி 600 வரை மாதக் கணக்கில். அதன் பின் மெருகேற்றப் பிட்ச் (கீல்) வட்டும் சீரியம் ஆக்சைடு பொடியும். சித்திரையில் இந்த ஊரில் பிட்ச் வட்டு மதியம் தோசை மாவு மாதிரி வழியும். அதனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மெருகேற்றுவேன், எட்டு மணிக்கு மூடிவைத்துவிடுவேன்.

சோதனைக்குச் சவர பிளேடும், தகர டப்பாவில் ஊசித்துளை போட்டு உள்ளே வைத்த விளக்கும் போதும். பிளேடு ஒளிக்கூம்பை வெட்டும்போது கண்ணாடி முழுக்கச் சாம்பல் நிறமாக, நிழல்களோடு மேடு பள்ளமாகத் தெரியும். விளையாட்டாக ஒரு நாள் கட்டை விரலைக் கண்ணாடி மேல் பத்து விநாடி வைத்துவிட்டு வந்து பார்த்தேன். விரல் பட்ட இடத்தில் ஒரு மலை! உடல் சூட்டில் கண்ணாடி அவ்வளவு உப்பியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாக அமிழ்ந்துபோனது. கையால் தொட்டால் ஒன்றுமே தெரியாது.

உறுத்துவது அது அல்ல. ஒரு விடியற்காலை நிழல் எனக்குத் தேவைப்பட்டபடியே, ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளைய வடிவத்துக்கு மிக அருகில் வந்திருந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். "இன்னும் பத்து நிமிடம் மெருகேற்றினால் முழுதாகச் சரியாகிவிடும்" என்று உட்கார்ந்தேன். ஓரம் கவிழ்ந்துவிட்டது. சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு, அதைச் சரிசெய்யப் போனால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் கறுப்புத் தாளில் வளையம் வெட்டி ஓரத்தை மறைத்துவிட்டேன். என் ஆறு அங்குலம் இன்று ஐந்தே முக்கால். கண்ணாடியைத் தாங்கும் மூன்று திண்டுகளும் உள்ளூர்த் தோல் துண்டுகள்தான், அதில் குறையில்லை.

ஆலங்காயம்

நான் பார்த்தது அவரவர் வீட்டுத் தொலைநோக்கி அல்ல, காவலூர் வானாய்வகம். எங்கள் வேலூர் மாவட்டத்துப் பெருமை அது. தொண்ணூறுகளில் பள்ளிக்கூடப் பருவம், மாமாவோடு போனேன். மலைப்பாதை முழுக்க என் கற்பனை ஒன்றே: 2.34 மீட்டர் கண்ணாடியில் என் கண்ணை வைத்தால் என்னென்ன தெரியும்! மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். 1972-இல் வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் இருக்கிறது, 1977-இல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்களின் தடயம் இங்கேயும் பதிவானது என்றெல்லாம்.

குவிமாடத்துக்குள் போய், தலை நிமிர்த்தி, "எதில் பார்ப்பது?" என்று கேட்டேன். அங்கிருந்தவர், "இதில் யாரும் கண் வைத்துப் பார்ப்பதில்லை தம்பி, கருவிதான் பார்க்கும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே ஒரு சிறிய தொலைநோக்கியில் ஒமேகா செந்தாரி என்ற நட்சத்திரக் கொத்தைக் காட்டினார்கள். கறுப்புத் துணியில் பொடியுப்பைக் கொட்டி, நடுவில் விரலால் குவித்த மாதிரி. நான் கோபத்தில் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. வரிசையில் பின்னால் இருந்தவருக்கு உடனே இடம் விட்டுவிட்டேன். நேரம் இருந்தது, இன்னொரு முறை பார்த்திருக்கலாம்.

பழைய வட ஆற்காட்டான்

ஆலங்காயம் நண்பருக்கு ஒரு திருத்தம். காவலூர் இன்று வேலூர் மாவட்டத்தில் இல்லை. 2019-இல் பிரித்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து பெரிய தொலைநோக்கியைத் தொடங்கிவைத்து, ஆய்வகத்துக்கு அதை நிறுவிய வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டியபோது அது வட ஆற்காடு மாவட்டம். பாப்பு அதைப் பார்க்க இல்லை, 1982-இலேயே போய்விட்டார். பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் மலை ஜவ்வாது மலைதான், அதை விடுங்கள். பாப்பு ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதைச் சொல்லியிருக்கலாமே. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பதால்தான் தென்வானம் இத்தனை தூரம் கிடைக்கிறது. துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்திலிருந்து 13 பாகைதான், பாதி வீடுகளில் அதைப் பார்க்க மலையோ பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ விடாது. ஆனால் ஒமேகா செந்தாரி 30 பாகை உயரம் ஏறும். வடநாட்டுக்காரர்கள் பொறாமைப்படுவார்கள்.

அந்த ஒமேகா செந்தாரிதான் என் உறுத்தலும். 1986 ஏப்ரல் நடு, ஹாலி வால்மீன் வந்த வருடம். ஆற்காட்டில் பாலாற்று மணலில் அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, இரவல் வாங்கிய பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். தெற்கே ஒரு பஞ்சுப் புகை. "பார்த்துக்கொள், உனக்கு மறுபடி 2061-இல்தான்" என்றார். பெருமையாக எல்லோரிடமும் சொல்லி வளர்ந்தேன். பெரியவனான பிறகு வரைபடம் பார்த்தால், ஹாலி அந்த வாரம் ஒமேகா செந்தாரிக்குப் பக்கத்திலேயே நகர்ந்திருக்கிறது. பைனாகுலரில் இரண்டும் பஞ்சுதான். நான் பார்த்தது ஒன்றே ஒன்று. எது என்று சொல்ல அப்பா இல்லை.

சத்துவாச்சாரி

இதையெல்லாம் படித்தபோது எனக்குத் தோன்றியது: பலருக்கு அடிப்படையே தெரியவில்லை. புதிதாக வாங்குபவர்கள் கவனியுங்கள்.

மடங்கைப் பார்த்து வாங்காதீர்கள், விட்டத்தைப் பாருங்கள். மில்லிமீட்டரில் விட்டம் எவ்வளவோ அதை இரண்டால் பெருக்குங்கள், அதற்கு மேல் போகும் மடங்கு வெறும் ஊதிய பலூன். 60 மி.மீ.க்கு 120 மடங்கு, முடிந்தது. குடியாத்தம் நண்பரின் 525 எங்கே நிற்கிறது, பாருங்கள். முதல் செலவாகத் தொலைநோக்கியே வேண்டாம், 10x50 பைனாகுலர் (பத்து மடங்கு, 50 மி.மீ. விட்டம்) வாங்கி ஆறு மாதம் வானத்தைப் பழகுங்கள். அதன் பிறகு ஆறு அல்லது எட்டு அங்குல டாப்சோனியன். காட்பாடி நண்பர் அத்தைக்கு 10 மி.மீ. போட்டதே தவறு. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 25 மி.மீ. போட வேண்டும், 48 மடங்கில் கோள் சிறிதாக இருந்தாலும் நெடுநேரம் நிற்கும். குவியக் குமிழை அவர்கள் கையிலேயே கொடுக்க வேண்டும். கண்ணாடியை அடிக்கடி துடைக்காதீர்கள், தூசியைவிடத் துணிதான் எதிரி. ஒளியச்சை, அதாவது கண்ணாடிகள் ஒரே நேராக அமைந்திருக்கின்றனவா என்பதை, சரிபார்க்காமல் கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள்.

முக்கியமாக நம் ஊர் வெயில். பகலெல்லாம் காய்ந்த சிமென்ட் தளம் இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கும், கோள் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி அலையும். பொழுது சாய்ந்ததும் நான்கு குடம் தண்ணீர் தெளித்துவிட்டு, தொலைநோக்கியை அரை மணி நேரம் முன்னதாக வெளியே வைத்துவிடுங்கள். ஐபீஸில் திருகும் சூரிய வடிகட்டி பெட்டியோடு வந்திருந்தால் இன்றே குப்பையில் போடுங்கள், சூட்டில் வெடித்தால் கண் போய்விடும். வடிகட்டி குழாயின் முன்வாயில் இருக்க வேண்டும்.

என் அனுபவமா? 2012 ஜூன் 6 காலை, வெள்ளி சூரியனைக் கடந்தபோது வெள்ளை அட்டையில் பிம்பம் விழவைத்து உட்கார்ந்திருந்தேன். பால்காரர் வந்து பார்த்தார். "இந்தப் புள்ளிக்காகவா சார் லீவு போட்டீர்கள்?" என்றார். அடுத்தது 2117-இல் என்று சொல்வதற்குள் சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டது.

குடியாத்தம் தறி

525 என்னுடையதல்ல ஐயா, பெட்டியுடையது. நான் பார்த்தது 35-இல் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறேன்.

காட்பாடி மொட்டைமாடி

சத்துவாச்சாரி அவர்களே, 25 மி.மீ. விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆலோசனை கேட்கவில்லை என்றாலும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அத்தைக்கு 2019-இல் இரண்டு கண்ணிலும் அறுவைச் சிகிச்சை ஆனது. அதன் பிறகு முழங்கால் வலி, மாடிப் பக்கமே வரவில்லை. 2025 நவம்பர் கடைசியில், மழை விட்ட ஓர் இரவில், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறி வந்தார். சனிதான் மேலே இருந்தது. அந்த வருடம் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்ததால், உருண்டையின் குறுக்கே ஒரு முடி கிடந்த மாதிரிதான் தெரிந்தது. அவரிடம் அதையெல்லாம் விளக்கவில்லை. 25 மி.மீ. போட்டு, கோளை ஓரத்தில் வைத்து, "பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். 2018-இலும் சரி, அதன் பிறகும் சரி, நான் அவரிடம் வளையம் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"ஏனப்பா, அன்றைக்கு இதற்கு இரண்டு பக்கமும் காது இருந்ததே, எங்கே?" என்றார்.