புதுப்பிப்பு: கையடக்க ஸ்கேனரில் 145.800 மெகாஹெர்ட்ஸ் இரைச்சல் தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மதுரை திருநகர் வீட்டில், சர்வதேச விண்வெளி நிலையம் எஸ்எஸ்டிவி முறையில் (படத்தை ஒலியாக மாற்றி ரேடியோவில் அனுப்புவது) படங்கள் அனுப்பும் நாட்களிலும், அது அனுப்பும் 145.800-இல் என் ஸ்கேனரில் (பல அலைவரிசைகளைக் கேட்க உதவும் ரேடியோ) வெறும் இரைச்சல்தான், ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பு) ஏற்றியும் அடங்கவில்லை என்று கேட்டிருந்தேன்.

"ஸ்கேனரை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அணைத்ததுமே இரைச்சல் நின்றது. அப்புறம் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டதில் மாடிப்படி எல்இடி பல்பு அகப்பட்டது. வேறு பல்பு மாட்டியாயிற்று. எதிர்பாராதது, செல்போன் சார்ஜர்: போன் செருகாமல் சும்மா பிளக்கில் இருந்தபோதே அதுவும் ஸ்கேனரில் இரைச்சலைக் கிளப்பியது.

ஆன்டெனா யோசனையும் நல்ல பலன் தந்தது. கூட வந்த குட்டை ஆன்டெனாவுக்குப் பதிலாக டெலஸ்கோப்பிக் ஆன்டெனாவைக் கால் அலைநீளத்துக்கு, அதாவது சுமார் 50 செ.மீ. இழுத்து வைத்தேன். மொட்டை மாடியில் அதை நிலையத்தின் திசைக்குக் குறுக்காகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நுனியை நிலையத்தை நோக்கி நீட்டினால் ஒலி மங்கிவிடும். ஸ்கேனரில் வைக்க வேண்டிய மோடு எஃப்எம்.

டாப்ளர் விலகல், அதாவது நிலையத்தின் வேகத்தால் அலைவரிசை சற்று மாறித் தெரிவது, 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை வரும். அதனால் 145.805, 145.800, 145.795 மூன்றையும் நினைவகத்தில் போட்டுவைத்து, நிலையம் நெருங்கும்போது முதலாவது, உச்சியில் நடுவிலுள்ளது, விலகும்போது கடைசி என்று மாற்றுகிறேன். இப்போது படத்தின் ஒலி தெளிவாகக் கேட்கிறது.