புதுப்பிப்பு: நிலத்தை விற்கவில்லை

மன்னார்குடிப் பக்கத்து ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தை விற்றுச் சென்னையில் வீடு வாங்கலாமா, வாடகையிலேயே காலம் தள்ளலாமா என்று கேட்டிருந்தேன். வாடகைதான்.

குரோம்பேட்டையில் பார்த்த பழைய அடுக்குமாடி வீடு 80 லட்சம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, அதற்கே 7.2 லட்சம். நான் கொடுப்பது மாதம் 22,000. பத்திரச் செலவே இரண்டு வருட வாடகையை விழுங்கிவிடுகிறது! நிலத்தை விற்றாலும் 50 லட்சம் கடன், 8.5% வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை 43,000-ஐத் தாண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். வாய்க்கால் மடையை மண்வெட்டியால் அடைத்துக்கொண்டே, "சரிப்பா, சம்பாவுக்கு விதைநெல் வாங்கப் பணம் அனுப்பு" என்றார்.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால்? பலரும் கேட்டீர்கள். சொல்லத்தான் செய்வார், முன்பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த தெருவில் பார்ப்போம்.